எண்ணித் துணிந்த மருத்துவர்

நுழையும்முன்

ஓர் ஊரில் ஒரே நோய் பலரிடம் காணப்பட்டால் முதலில் பரவுவது அச்சம்; அதன் பின்னே வருவது வதந்தி. நீரைக் குறை கூறுவர் சிலர். உணவைப் பழிப்பர் சிலர். நோயுற்றோரையே ஊரைவிட்டு விலக்குவர் பலர். அவ்வேளையில் வீடுவீடாகச் சென்று, மக்களை எண்ணி, நோய் வந்த வழியைக் கண்டறிவது பொதுச் சுகாதாரத்தின் முதற்கடமை. தொழுநோய்க்கு உறுதியான மருந்து இல்லாத காலத்தில் செங்கல்பட்டுக்கு வந்து, அக்கடமையைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்ற ஒரு மருத்துவரின் வரலாறு இது.

திருமணி

செங்கல்பட்டு, ஏரிகளும் குன்றுகளும் சூழ்ந்த ஊர். நகரை ஒட்டிக் கொளவாய் ஏரி பரந்து கிடக்கிறது. தெற்கே பாலாறு ஓடிச் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் கலக்கிறது. கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை திருக்கழுக்குன்றத்தைக் கடந்து மாமல்லபுரம் கடற்கரையை அடைகிறது. இடைப்பட்ட நிலப்பரப்பில் நெல் விளையும் சிற்றூர்களும், கடலோரத்தில் மீனவர் குப்பங்களும் நிறைந்துள்ளன.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில், 1920களின் நடுவில், தொழுநோயாளருக்கான குடியிருப்பு ஒன்று எழுந்தது. சென்னை மாகாண அரசின் துணையுடன் ஸ்காட்லாந்து திருச்சபையினர் அதனை நடத்தினர். சென்னை ஆளுநராக இருந்த வெலிங்டன் பிரபுவின் மனைவி பெயரால் அது லேடி வெலிங்டன் தொழுநோய்க் குடியிருப்பு என வழங்கப்பட்டது. வீட்டாரும் ஊராரும் கைவிட்டவர்கள் அங்கு வந்து சேர்ந்தனர். உணவும் உறைவிடமும் அங்குக் கிடைத்தன; புண்களுக்குக் கட்டுப் போடப்பட்டது. ஆயினும் ஒரு வினா விடையின்றி நின்றது. குடியிருப்பின் மதிலுக்குள் வருவோர் சிலர். மதிலுக்கு வெளியே, இன்னும் நோயென்றே அறியப்படாமல் வாழ்வோர் எத்தனை பேர்? அவர்கள் எங்கே இருக்கின்றனர்? ஏன் அங்கே இருக்கின்றனர்?

இவ்வினாக்களுக்கு விடை தேடுவதை மருத்துவத்தின் நடுப்பணியாகக் கொண்டவர் இராபர்ட் கிரீன்ஹில் காக்ரேன் ஆவார். 1935ஆம் ஆண்டு அவர் திருமணியின் தலைமை மருத்துவப் பொறுப்பை ஏற்றார்.

பிறப்பும் கல்வியும்

காக்ரேன் 1899ஆம் ஆண்டு சீன நாட்டில் பிறந்தார். தந்தை தாமஸ் காக்ரேன் ஸ்காட்லாந்திலிருந்து சீனத்துக்குச் சென்ற சமயத்தொண்டு மருத்துவர். பீகிங் நகரில் மருத்துவக் கல்லூரி ஒன்றை உருவாக்கியவர். நோயாளியைத் தேடிச் செல்வதும், நாடு கடந்து வாழ்வதும், உள்ளூர் மாணவர்களை மருத்துவராக்குவதும் மகனுக்குப் பிறந்த வீட்டிலேயே பழகிய செயல்களாயின.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1924இல் பட்டம் பெற்ற காக்ரேன், அவ்வாண்டே இந்தியாவுக்குப் புறப்பட்டார். தொழுநோயாளருக்கான பெரிய இல்லங்களுள் ஒன்றாகிய புருலியாவில் அவர் பணி தொடங்கியது. அக்காலத்தில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் எர்னஸ்ட் மூர் என்னும் மருத்துவர் புதிய முறையொன்றை உருவாக்கி வந்தார். அம்முறையில் மருத்துவக் குழுவே ஊர்களுக்குச் செல்லும், நோய் பற்றிய உண்மைகளை மக்களுக்கு விளக்கும், மருத்துவம் செய்யும், அதன்பின் ஊர் முழுவதையும் கணக்கெடுக்கும். அறிவுறுத்தல், மருத்துவம், கணக்கெடுப்பு ஆகிய இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. மருத்துவம் கிடைக்குமென்றால்தான் மக்கள் நோயை மறைக்காமல் வெளியே வருவர்; மறைக்காமல் வந்தால்தான் கணக்கு மெய்யாகும்.

இளம் மருத்துவரான காக்ரேன் இந்தியாவெங்கும் பயணம் செய்து தொழுநோயின் நிலையை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1927இல் நூலாக வெளிவந்தது. பின்னர் இங்கிலாந்தில் பிரித்தானியப் பேரரசுத் தொழுநோய் நிவாரணச் சங்கத்தின் மருத்துவச் செயலாளராகப் பணியாற்றினார். 1931இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில் உலகத் தொழுநோய் அறிஞர்கள் கூடிப் பன்னாட்டுத் தொழுநோய்க் கழகத்தை நிறுவியபோது, அதன் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. அறிஞர் அவைகளில் இத்தகைய இடம் பெற்ற பின்னரும் அவர் விரும்பித் திரும்பிய இடம் செங்கல்பட்டு.

ஆய்வுக்கூடத்துக்கு அடங்காத நோய்

தொழுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரை நார்வே நாட்டு மருத்துவர் ஆர்மர் ஹான்சன் 1873ஆம் ஆண்டிலேயே கண்டறிந்துவிட்டார். ஆயினும் அந்நுண்ணுயிர் மற்றவற்றைப்போல் ஆய்வுக்கூடத்தில் வளர மறுத்தது. கண்ணாடிக் கலத்தில் செயற்கையாக அதனை வளர்க்க இன்றளவும் இயலவில்லை. நோயைப் பெறும் விலங்கும் அந்நாளில் அறியப்படவில்லை. எனவே இந்நோய் எவ்வாறு பரவுகிறது, யாரைத் தாக்குகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பவற்றை அறிய ஒரே வழிதான் எஞ்சியது. அது, மக்கள் வாழும் இடத்துக்கே சென்று பார்ப்பது. நார்வே நாடு 1856ஆம் ஆண்டிலேயே தொழுநோயாளர் அனைவரையும் பதிவேட்டில் குறிக்கத் தொடங்கியிருந்தது. அப்பதிவேடே ஹான்சனின் ஆய்வுக்கும் அடித்தளமாயிற்று.

இந்நோய்க்கு மற்றோர் இயல்பும் உண்டு. நுண்ணுயிர் உடலில் புகுந்து நோய்க்குறி தோன்றச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இருபது ஆண்டுகள் கடந்து தோன்றுவதும் உண்டு. அம்மை நோய் கண்டவர் யாரிடமிருந்து பெற்றார் என்பதைச் சென்ற இரண்டு வார நிகழ்ச்சிகளைக் கொண்டு கூறிவிடலாம். தொழுநோய் கண்டவரிடமோ அவருடைய குழந்தைப் பருவத்தைக் கேட்க வேண்டும். எந்த வீட்டில் வளர்ந்தார், யாரருகே உறங்கினார், அவர்களுள் யாருக்கு நோய் இருந்தது என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். இன்று ஓர் ஊரில் காணும் நோய்க்குவியல், பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த தொற்றின் நிழல் ஆகும்.

பழியும் காரணமும்

காரணம் அறியப்படாத நோய்க்குப் பல காரணங்கள் கற்பிக்கப்படுவது இயல்பு. முற்பிறவித் தீவினை என்றனர் சிலர். குருதிவழி வரும் குடும்பக் குறை என்றனர் சிலர். கற்றவரும் இதற்கு விலக்கல்லர். புகழ்பெற்ற ஆங்கில மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன், கெட்டுப்போன மீனை உண்பதே தொழுநோய்க்குக் காரணம் என உறுதியாக நம்பினார். தம் கொள்கைக்குச் சான்று தேடி இந்தியாவுக்கும் வந்து சென்றார். கடலோர நாடுகளில் நோய் மிகுந்திருந்ததே அவர் அவ்வாறு எண்ணத் தூண்டியது.

மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரையை மட்டும் ஒருவர் பார்த்தால் இக்கொள்கை பொருத்தமாகவே தோன்றக்கூடும். குப்பங்களில் மீன் உணவே முதன்மையானது; மணலில் கருவாடு காய்கிறது. அங்கு நோயாளி ஒருவரைக் கண்டால், காரணம் கண்முன்னே கிடப்பதாக எண்ணிவிடலாம். ஆனால் ஆய்வு அங்கே முடிந்துவிடக் கூடாது. மீனே காரணமானால் மீன் உண்ணாதவரிடம் நோய் இருத்தல் ஆகாது. கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள ஊர்களிலும், மீனைத் தொடாத குடும்பங்களிலும் இந்தியாவில் தொழுநோய் காணப்பட்டது. மீன் உண்போருள் மிகப் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்ந்தனர். நோயுற்றோரை மட்டும் நோக்கிய கண்ணுக்கு மெய்யாகத் தோன்றிய காரணம், நோயற்றோரையும் சேர்த்து எண்ணியபோது பொய்யாயிற்று.

தவறான காரணம் வெறும் ஏட்டுப் பிழையன்று. அது ஒரு குலத்தின் மீதோ ஒரு தொழிலின் மீதோ பழியாக இறங்கும். நோயுற்றவர் வீட்டில் பெண் கொள்ளவும் கொடுக்கவும் மறுப்பர். கிணற்றில் நீர் எடுக்கத் தடை விதிப்பர். பள்ளியிலிருந்து குழந்தையை அனுப்பிவிடுவர். எனவே மெய்யான காரணத்தைக் கண்டறிதல் மருத்துவக் கடமை மட்டுமன்று. அது நீதியின் கடமையும் ஆகும்.

களத்தில் சிதறிய நெல்மணிகள்

நோய்க்குவியலை ஆராய்வோர் முதலில் கேட்கும் வினா, அது மெய்யாகவே குவியல்தானா என்பதே. களத்தில் ஒரு பிடி நெல்லைத் தூவினால் மணிகள் ஒரே சீரான இடைவெளியில் விழுவதில்லை. சில இடங்களில் நெருக்கமாகவும் சில இடங்களில் வெறுமையாகவும் விழும். நெருங்கிக் கிடக்கும் ஐந்தாறு மணிகளைச் சுற்றிக் கோடு வரைந்துவிட்டு, அங்கு ஏதோ ஈர்ப்பு இருப்பதாகக் கூறுவது அறிவுடைமை ஆகாது. எல்லையை முன்னரே வகுத்துக்கொண்டு, அதற்குள் இருப்பவற்றை எண்ணுவதே முறை.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். 5,000 பேர் வாழும் பேரூரில் 20 நோயாளிகளும், 500 பேர் வாழும் சிற்றூரில் 10 நோயாளிகளும் இருப்பதாகக் கொள்வோம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பேரூரே மிகுதியாகத் துன்புறுவதாகத் தோன்றும். ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் எனக் கணக்கிட்டால், பேரூரில் 4 பேரும் சிற்றூரில் 20 பேரும் ஆகின்றனர். மருத்துவக் குழு முதலில் செல்ல வேண்டிய ஊர் எது என்பது இப்போது விளங்கும். மருத்துவமனையில் அமர்ந்து வருவோரை மட்டும் எண்ணுபவருக்கு இவ்வுண்மை புலப்படாது. தொலைவாலும் வறுமையாலும் வர இயலாதோர் அவர் கணக்கில் இல்லை. அச்சத்தால் மறைந்திருப்போரும் இல்லை. நோயற்று நலமாக வாழ்வோரோ அக்கணக்கில் எக்காலத்தும் இரார்.

வீடுவீடாகச் சென்ற ஆய்வு

ஊர்க் கணக்கெடுப்புக்கு ஒழுங்கான படிநிலைகள் இருந்தன. முதலில் ஊர்ப் பெரியோரைக் கண்டு வருகையின் நோக்கத்தை விளக்குவர். பின்னர் வீடுகளுக்கு எண்ணிட்டு, வீட்டில் வாழும் ஒவ்வொருவரையும் கைக்குழந்தை உட்படப் பட்டியலில் சேர்ப்பர். எதனை நோயெனக் கொள்வது, எதனைக் கொள்ளாது விடுவது என்பதற்கான வரையறையை முன்னரே உறுதி செய்வர். தோலில் தோன்றும் வெளிறிய தழும்புகள் எல்லாம் தொழுநோய் அல்ல. தேமலும் அவ்வாறு தோன்றலாம். ஆகவே நோயாளியைக் கண்களை மூடச்செய்து, தழும்பின் மீது பஞ்சாலோ இறகாலோ தொட்டு, உணர்ச்சி உள்ளதா எனச் சோதிப்பர். முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா எனத் தடவிப் பார்ப்பர். காதுமடலில் சிறு கீறலிட்டு எடுத்த திசுநீரைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் நுண்ணுயிரைத் தேடுவர்.

இந்தச் சோதனையே மிகப் பெரிய உண்மையொன்றை வெளிப்படுத்திற்று. தொழுநோயாளர் அனைவரும் பிறருக்கு நோயைத் தருவோர் அல்லர். பலருடைய உடலில் நுண்ணுயிர்கள் மிகக் குறைவு. அவர்களால் தொற்று பரவுவது அரிது. நுண்ணுயிர் மிகுந்த வகையினரே தொற்றின் முதன்மை ஊற்று. விரல்கள் மடங்கி, பார்த்தவுடன் பிறர் அஞ்சி ஒதுங்கும் நிலையில் இருப்பவர் பெரும்பாலும் தொற்று நீங்கியவராக இருப்பார். தோல் சற்றே தடித்து மினுமினுப்பாகத் தோன்றுபவரோ, யாருடைய ஐயத்துக்கும் உள்ளாகாமல் தொற்றைப் பரப்பிக்கொண்டிருப்பார். மக்களின் அச்சம் தவறான ஆளைச் சுட்டியது; நுண்ணோக்கி சரியான விடையைத் தந்தது.

காக்ரேன் வலியுறுத்திய மற்றோர் உண்மை குழந்தைகளைப் பற்றியது. தொற்றுமிக்க நோயாளியோடு ஒரே வீட்டில் நெடுங்காலம் வாழும் குழந்தைகளே எளிதில் நோய்க்கு இலக்காகின்றனர் என்பதை அவர் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார். அந்நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கிய சைதாப்பேட்டையில், தொழுநோய்க் குறியுள்ள குழந்தைகளுக்கென வெள்ளிவிழாக் குழந்தைகள் மருத்துவமனை இயங்கியது. குழந்தைகளின் தழும்புகளைப் பன்முறை சோதித்துக் குறித்து வைத்ததில் வியப்பான செய்தி தெரிந்தது. பல குழந்தைகளின் தொடக்கத் தழும்புகள் தாமாகவே மறைந்தன. சிலருக்கு மட்டுமே நோய் முற்றியது. ஒரு தழும்பைக் கண்டவுடனே குழந்தையின் வாழ்வு முடிந்ததென முடிவு செய்வது எத்துணைக் கொடுமை என்பதை அப்பதிவுகள் உணர்த்தின.

பகலில் ஊர், இரவில் குடில்

காரணம் ஓரளவு தெரிந்தது, மருந்துதான் இல்லை. நீரடிமுத்து எண்ணெயை ஊசிவழிச் செலுத்துவதே அன்றைய மருத்துவம். ஊசி வலிமிக்கது, பயனோ வரம்புக்கு உட்பட்டது. தொற்றுடையோர் அனைவரையும் குடியிருப்புக்குள் கொணர்வதும் இயலாத செயல். அத்தனை பேருக்கு இடமில்லை. உழைத்துக் குடும்பத்தைக் காப்பவரைப் பிரித்தால் மனைவி மக்கள் பட்டினி கிடப்பர். பிரிவுக்கு அஞ்சி நோயை மறைப்போரும் பெருகுவர்.

இந்நிலையில் காக்ரேன் இடைவழி ஒன்றை நாடினார். தொற்றுடையவர் பகலில் தம் வயலில் உழைக்கலாம், வீட்டாரோடு பேசலாம், இரவில் மட்டும் ஊர்ப்புறத்தே அமைத்த குடிலில் உறங்க வேண்டும். சிறு வீட்டில் குழந்தைகளோடு நெருங்கி உறங்கும் இரவு வேளையே தொற்றுக்கு மிகவும் இடந்தருவது என்னும் கணிப்பே இதற்கு அடிப்படை. இரவு ஒதுக்கம் எனப்பட்ட இம்முறை குறையற்றதன்று. ஊராரின் இசைவும் நோயாளியின் ஒத்துழைப்பும் இன்றி அது நடைபெறாது. இரவில் தாயைப் பிரிந்த குழந்தையின் ஏக்கத்துக்கு அதில் மாற்றும் இல்லை. எனினும் ஆயுட்காலம் முழுவதும் ஒதுக்கி வைத்தல் என்னும் பழைய வழக்கத்தோடு ஒப்பிட்டால், அது மனிதத்தை நோக்கி எடுத்து வைத்த ஓர் அடி. எந்த அளவுக்குப் பிரிவு தேவையோ அந்த அளவுக்கு மேல் ஒரு நாழிகையும் பிரிக்கலாகாது என்பது அதில் அடங்கிய அறம்.

மடிநோய்க்கான மருந்து

1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் கை ஃபேஜெட் என்பவர் சல்ஃபோன் வகை மருந்தொன்றைத் தொழுநோயாளருக்குக் கொடுத்து நற்பயன் கண்டார். ஆனால் அம்மருந்து விலை மிக்கது. சிரைவழி ஊசியாக அடிக்கடி செலுத்த வேண்டியது. இந்தியச் சிற்றூர்களுக்கு அது எட்டாக்கனி. அம்மருந்துக்கு மூலமான எளிய சல்ஃபோன், 1908ஆம் ஆண்டிலேயே செருமனியில் உருவாக்கப்பட்டிருந்தும், மனிதருக்கு நஞ்சாகும் எனக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் பசுக்களுக்கு வரும் மடிநோய்க்கு அது பயன்பட்டு வந்தது.

கால்நடைக்குப் பயன்பட்ட அம்மருந்தின் மீது காக்ரேன் கவனம் சென்றது. 1946ஆம் ஆண்டளவில் அவர் அதனை எண்ணெயில் கலந்து, குறைந்த அளவில், தொழுநோயாளருக்கு ஊசிவழிச் செலுத்திப் பார்த்தார். அளவை அறிந்து கொடுத்தால் மனித உடல் அதனைத் தாங்கும் என்பதும், அது நோயை அடக்கும் என்பதும் புலனாயின. திருமணியில் உடனிருந்த இந்திய மருத்துவர்களோடு சேர்ந்து அவர் நோயாளரை இரண்டரை ஆண்டுகள் கவனித்து, அதன் முடிவுகளை 1949இல் வெளியிட்டார். பின்னர் நைஜீரியாவில் ஜான் லோ என்னும் மருத்துவர் அம்மருந்தை வாய்வழி மாத்திரையாகவே கொடுக்கலாம் எனக் காட்டினார். டாப்சோன் என வழங்கும் அம்மருந்து விலை குறைந்தது. மிதிவண்டியில் செல்லும் பணியாளர் கூட எடுத்துச் சென்று வழங்கத்தக்கது.

மருந்து வந்ததும் கணக்கெடுப்பு புதுப்பொருள் பெற்றது. முன்பு ஒருவரைக் கண்டறிதல் அவரைப் பிரிப்பதற்கு வழியாக இருந்தது. இனி அவரைக் காப்பதற்கு வழியாயிற்று.

கைகளின் கணக்கு

1940களில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, பட்டப்படிப்புக் கல்லூரியாக உயரவேண்டிய நெருக்கடியில் இருந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் வளர்த்த அக்கல்லூரியின் முதல்வர் பொறுப்பைக் காக்ரேன் ஏற்றார். தகுதிமிக்க ஆசிரியர்களைத் தேடியபோது, கொல்லிமலையில் பிறந்து இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்றிருந்த பால் பிராண்டை அழைத்தார். அவ்வழைப்பை ஏற்றுப் பிராண்ட் 1946ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர் வந்தார்.

1947இல் பிராண்ட் திருமணிக்கு வந்து காக்ரேனோடு நோயாளர் குடில்களைச் சுற்றிப் பார்த்தார். காக்ரேன் தோலின் மாற்றங்களை விளக்கிச் சென்றார். பிராண்டின் கண்களோ மடங்கிய விரல்களிலேயே நின்றன. இக்கைகளை இதுவரை எந்த எலும்பு அறுவை மருத்துவரும் ஆராயாதது ஏன் என அவர் வினவினார். தோல் மருத்துவராகிய தாம் அத்துறையை அறியாதவர் என்றும், அதனை ஆராய முன்வந்தவர் யாரும் இலர் என்றும் காக்ரேன் உணர்த்தினார். நோயாளி ஒருவரின் வளைந்த கையைப் பற்றிய பிராண்ட், அதன் பிடியில் எதிர்பாராத வலிமை இருப்பதை உணர்ந்தார். கை முழுதும் செத்துவிடவில்லை. சில தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன.

மீண்டும் கணக்கெடுப்பே வழிகாட்டிற்று. திருமணியின் நோயாளர் கைகளைப் பிராண்டின் குழுவினர் ஒவ்வொன்றாகச் சோதித்து, எத்தசை செயல்படுகிறது, எது செயலிழந்தது எனக் குறித்தனர். செயலிழப்பு மனம்போன போக்கில் நிகழ்வதன்று. குறிப்பிட்ட நரம்புகளைப் பின்பற்றி ஒரே ஒழுங்கில் நிகழ்கிறது என்பது தெளிவாயிற்று. ஒழுங்கு தெரிந்ததால், நலமான தசைநாணை எடுத்துச் செயலிழந்த இடத்தில் பொருத்தும் அறுவை மருத்துவம் பிறந்தது. விரல்கள் நோயால் தாமே உதிர்கின்றன என்னும் நம்பிக்கையும் தகர்ந்தது. வலியுணர்வு அற்றதால் சூடான பாத்திரமும் கூரிய கருவியும் உண்டாக்கும் காயங்களே விரல்களைச் சிதைக்கின்றன என்று பிராண்ட் காட்டினார். அவ்வாறாயின், காயத்தைத் தடுத்தால் விரல்களையும் காக்கலாம்.

மரத்தடி மருத்துவம்

1950களின் தொடக்கத்தில் காக்ரேன் இந்தியாவைவிட்டுச் சென்றார். பின்னர் அமெரிக்கத் தொழுநோய்த் தொண்டு அமைப்பின் மருத்துவ ஆலோசகராக விளங்கினார். 1959இல் அவர் பதிப்பித்த தொழுநோய் பற்றிய பெருநூல், உலக மருத்துவர் பலருக்கு வழிகாட்டியாயிற்று. 1985ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அவர் பணியாற்றிய மண்ணில் பணி நிற்கவில்லை. 1955ஆம் ஆண்டு இந்திய அரசு திருமணிக் குடியிருப்பையும் சைதாப்பேட்டைக் குழந்தைகள் மருத்துவமனையையும் ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தை அங்கு நிறுவியது. அவ்வாண்டிலேயே தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் தொடங்கியது. அதே ஆண்டு, அதே மாவட்டத்தின் பொலம்பாக்கத்துக்குப் பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் வந்து சேர்ந்தார். அவர் மதிலெழுப்பிய மருத்துவமனையை நாடாமல், சாலையோர மரத்தடிகளில் குறித்த நாளில் மருத்துவம் செய்தார். நோயாளர் தம் வீட்டிலிருந்தவாறே நலம்பெற்றனர். இரவுக் குடிலுக்கும் தேவையற்ற காலம் வந்தது.

1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் பன்மருந்துக் கூட்டு மருத்துவத்தைப் பரிந்துரைத்தது. இன்று தொழுநோய் முழுதும் குணமாகத்தக்க நோய். மருந்தைத் தொடங்கிய சின்னாட்களிலேயே தொற்றும் தன்மை நீங்கிவிடுகிறது. ஒருவருக்கு நோய் கண்டறியப்பட்டால் அவர் வீட்டாரையும் அண்டையாரையும் சோதிப்பதும், தக்கோருக்குத் தடுப்பு மருந்தளிப்பதும் நடைமுறையாகியுள்ளன. வீட்டை எண்ணி, ஆளை எண்ணி, குழந்தையை முதலில் நோக்கும் பழைய முறையின் தொடர்ச்சியே அது.

தொழுநோய்க்கு மட்டுமன்று, எந்த நோய்க்குவியலுக்கும் இம்முறை பொருந்தும். நோயை வரையறுத்தல், உறுதி செய்தல், நோயற்றோரையும் சேர்த்து எண்ணுதல், இடமும் காலமும் குறித்தல், எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிடுதல், காரணத்தைச் சோதித்தல், கண்டதை மக்களுக்கு மறையாது கூறுதல் ஆகியவை அதன் படிகள். சில வேளைகளில் முடிவில் ஒரு காரணமும் புலப்படாது; குவியல் தற்செயலாகவே அமைந்திருக்கும். அவ்வுண்மையைக் கூறுதற்கும் துணிவு வேண்டும். நோயையும், அதன் மூலத்தையும், தணிக்கும் வழியையும் நாடிச் செய்க என வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த நெறி, ஒரு நோயாளிக்கு மட்டுமன்றி ஓர் ஊருக்கும் உரியது.

திருமணியில் காக்ரேன் கண்டது அதுவே. எண்ணப்படாத மனிதர் கவனிக்கப்படாத மனிதர் ஆவார். வீட்டு எண்ணும் பெயரும் வயதும் தாங்கிய ஒரு பட்டியலில் இடம்பெற்றபோது, ஊரார் ஒதுக்கிய நோயாளி மீண்டும் அவ்வூரின் குடிமகனாக மதிக்கப்பட்டார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்தின் கிராமச் சுகாதாரச் செவிலியரைக் கண்டு, வீடுவீடாகக் கணக்கெடுக்கும் முறை பற்றி நேர்காணல் செய்து தொகுத்து எழுதுக.

2. ஒரு நோய் குறித்து மக்களிடையே நிலவும் தவறான நம்பிக்கை ஒன்றைத் தேர்ந்து, அதனைச் சோதித்தறிய எவ்வெத் தகவல்கள் தேவை என வகுப்பில் கலந்துரையாடுக.

3. 'நோயை விலக்குக, நோயாளியை விலக்கற்க' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.